எட்டு மணி பஸ்

போன ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து ஹாலில் பாயை விரித்து ஆளுக்கொரு பக்கமாகப் படுத்திருந்தோம். டிவியில் 'சிவாஜி' ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தாம் வகுப்பு படிக்கும் அவள் மகள் என் மடியில் தலை வைத்து அரைத்தூக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் சாலமன் பாப்பையா வந்ததும் தங்கச்சி சட்டென்று எழுந்து உட்கார்ந்து, ரிமோட்டை எடுத்து, சேனலை மாற்றிவிட்டாள். ஏதோ சமையல் நிகழ்ச்சி. "அம்மா, படம்" என்று பிள்ளை சிணுங்கியது. "நல்லாத்தானே போய்க்கிட்டிருந்துச்சு" என்றார் மாப்பிள்ளை. "விளம்பரம் போடப் போறான்" என்று மட்டும் சொன்னாள். என்னை அவள் பார்க்கவில்லை, நானும் அவளைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப மாற்றினாள், அதற்குள் அந்தக் காட்சி போயிருந்தது.

எந்தக் காட்சி என்று படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெண் தேடும் நாயகனை சாலமன் பாப்பையா "வாங்க பழகலாம்" என்று கூப்பிடுவார். அவருக்கு இரண்டு பெண்கள், அங்கவை, சங்கவை. இரண்டு பேரும் கறுப்பு. நகைச்சுவை அவ்வளவுதான். அந்தப் பெண்கள் ஏதாவது தப்பாகப் பேசினார்களா, யாரையாவது ஏமாற்றினார்களா என்றால் ஒன்றும் கிடையாது. வந்து நிற்பார்கள், பார்த்தவர்கள் மிரளுவார்கள், தியேட்டர் சிரிக்கும்.

படம் 2007 ஜூன் 15 அன்று வந்தது. இரண்டாவது வாரம் அப்பா எங்கள் எல்லோரையும் திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அந்தக் காட்சிக்கு நாங்களும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார். நானும் தங்கச்சியும் அப்பா நிறம், அம்மா மட்டும் கொஞ்சம் மாநிறம். இடைவேளையில் வாங்கிய பாப்கார்ன் பொட்டலம் கையில் இருந்தது, நான் தங்கச்சியைப் பார்த்தேன், அவள் சிரிப்பது பாதியில் நின்று போயிருந்தது. அது ஏன் என்று அந்த நேரத்தில் எனக்கு விளங்கவில்லை.

விளங்க ஒரு நாள்கூட ஆகவில்லை. எங்கள் ஊரிலிருந்து காலை எட்டு மணி பஸ்ஸில் இரண்டு பேரும் ஏறுவோம். அவள் சேரன்மகாதேவியில் பள்ளிக்கூடத்துக்கு இறங்கிவிடுவாள், நான் பாளையங்கோட்டைக்குக் கல்லூரிக்குப் போவேன். மறுநாள் பஸ் ஸ்டாப்பில் எங்களைத் தூரத்தில் பார்த்ததுமே ஒருவன், "ஏலே, அங்கவையும் சங்கவையும் வந்துட்டாளுவ" என்றான். கூட நின்ற நாலைந்து பேரும் "வாங்க பழகலாம்" என்று பாப்பையா குரலிலேயே இழுத்தார்கள். பஸ் வந்து ஏறிய பிறகு கண்டக்டரும் டிக்கெட் கொடுக்கும்போது சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார். என் பெயர் தெரியாதவர்களுக்கெல்லாம் என்னைக் கூப்பிட ஒரு பெயர் கிடைத்துவிட்டது. நான் கல்லூரி முடிக்கும் வரைக்கும், அதாவது இரண்டு வருடம், அந்தப் பெயர் என்னோடு பஸ் ஏறியது. தங்கச்சிக்கு அந்த வருடம் பிளஸ் டூ. ஜூலையிலிருந்தே ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லி ஆறரை மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள், அதனால் எட்டு மணி பஸ்ஸுக்கு நான் தனியாகத்தான் நிற்பேன். ஒரு வகையில் அது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இரண்டு பேராக நின்றால்தானே அந்தப் பெயர் பொருந்தும்.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று நினைத்தால் இன்னும் ஆறவில்லை. பாரி மகளிர் பாட்டு எங்களுக்குப் பள்ளியில் மனப்பாடப் பகுதி. புறநானூற்றில் 112-ஆவது பாட்டு, ஐந்தே வரி. அப்பாவையும் பறம்பு மலையையும் ஒரே போரில் பறிகொடுத்த இரண்டு பெண்கள், போன மாதத்து நிலாவையும் இந்த மாதத்து நிலாவையும் வைத்துத் தங்கள் துக்கத்தைச் சொல்கிற பாட்டு. எங்கள் தமிழ் டீச்சர் அதை நடத்தும்போது அழுதுவிட்டார். அங்கவை, சங்கவை என்பவை அவர்களுக்குப் பிற்கால வழக்கில் வந்த பெயர்கள். பாரி இறந்த பிறகு அவருடைய நண்பர் கபிலர் அந்தப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி விச்சிக்கோனிடம் கேட்டார், இருங்கோவேளிடம் கேட்டார், இரண்டு அரசர்களுமே மறுத்தார்கள். சங்க இலக்கியத்திலேயே வாசல் வாசலாக மறுக்கப்பட்ட பெண்கள் அவர்கள். தமிழில் அவ்வளவு வலிக்கிற ஒரு பாட்டைச் சொன்ன இரண்டு பெண்களின் பெயரைத்தான், பார்த்தவுடன் ஓட வேண்டிய பெண்களுக்கு வைத்தார்கள். வசனம் எழுதும் இடத்தில் இருந்தவர்களுக்கு இந்தக் கதை தெரியாமல் இருந்திருக்காது, தெரிந்ததால்தான் அந்தப் பெயரே கிடைத்திருக்கிறது.

அதே படத்தில் நாயகனின் நிறமும் ஒரு விஷயமாக வரும். நாயகி நிறத்தைக் காரணம் காட்டியதும் அவர் வெள்ளையாக என்னென்னவோ செய்து பார்ப்பார், அப்புறம் ஒரு பாட்டு முழுக்க வெள்ளையாகவே வருவார். அந்தப் பாட்டுக்காக ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் தோல் நிறத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ரஜினியின் முகத்திலும் கையிலும் பிரேம் பிரேமாகப் பொருத்தினார்கள் என்று அப்போது பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஒரு ஆணின் கறுப்பு அங்கே ஒரு பாட்டு, ஒரு தொழில்நுட்பச் சாதனை, கடைசியில் "நீ கறுப்பாக இருந்தாலே அழகு" என்கிற கைதட்டல். எங்கள் நிறத்துக்குக் கிடைத்தது அந்தக் கதவருகே நிற்கிற இரண்டு பெண்களின் இடம். சொல்லிவிடுகிறேன், எனக்கு ரஜினியைப் பிடிக்கும், இன்றும் பிடிக்கும். அதனால்தான் அதிகமாக வலித்தது.

கறுப்பான பெண் என்றால் சிரிப்பதற்கு. வெள்ளையான பெண் என்றால்? அவளுக்கும் நல்ல காலம் இல்லை, அவள் லூசாக இருக்க வேண்டும். அடுத்த வருடம், 2008-இல், 'சந்தோஷ் சுப்ரமணியம்' வந்தது. ஜெனிலியா நடித்த ஹாசினி, யார் தலையிலாவது ஒரு தடவை முட்டிவிட்டால் கொம்பு முளைத்துவிடும் என்று திரும்ப வந்து இன்னொரு தடவை முட்டுவாள். அந்தப் படத்தைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டும் என்றால், ஹாசினிக்கு அதில் ஒரு மனது இருந்தது. அவன் வீட்டுக்குப் போய், அவர்களுக்குப் பிடித்த மாதிரி மாறப் பார்த்து, முடியாமல், இப்படி இருந்தால் நான் நானாக இருக்க முடியாது என்று கிளம்பிவிடுவாள். தமிழில் கலகலவென்று பேசுகிற ஒரு இளம்பெண்ணுக்கு அப்படி ஒரு காட்சி கொடுத்தது பெரிய விஷயம். ஆனால் அதற்குப் பின்னால் வந்தவர்கள் யாரும் அந்தக் காட்சியை எடுத்துக்கொள்ளவில்லை. முட்டுவதையும் ஐஸ்கிரீமையும் மழையில் ஆடுவதையும் நாய்க்குட்டியையும் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் ஐந்தாறு வருடம், தியேட்டரில் எந்தப் படத்துக்குப் போனாலும் ஏதோ ஒரு பெண் ரோட்டில் குழந்தைகளோடு ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருப்பாள். அவள் எந்தக் கல்லூரி, எந்த வருடம், அரியர் இருக்கிறதா, வீட்டில் என்ன பிரச்சினை, எதுவும் நமக்குச் சொல்லமாட்டார்கள். பெரும்பாலும் அவளுடைய குரல்கூட அவளுடையதாக இருக்காது. வடக்கிலிருந்து வந்த முகம் ஒருத்திக்கு, உள்ளே பேசும் குரல் இன்னொருத்திக்கு, பேசும் வசனம் எங்கோ உட்கார்ந்திருக்கிற ஒரு ஆணுக்கு.

இது படத்தோடு முடிந்துபோகிற விஷயமாக இருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். கடைசி வருடத்தில் எங்கள் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். கணக்கில் எங்களுக்கெல்லாம் அவள்தான் சொல்லிக்கொடுப்பாள், சாக்பீஸை எடுத்துக்கொண்டு போர்டுக்குப் போனால் லெக்சரரைவிடத் தெளிவாகப் போடுவாள். வங்கித் தேர்வுக்காக ஒரு டியூஷன் சென்டரில் சேர்ந்தோம், அங்கே பையன்களும் உண்டு. அங்கே போனதும் அவள் குரலே மாறிவிடும். "அய்யோ, எனக்கு ஒண்ணுமே புரியல" என்று கண்ணை உருட்டிக்கொண்டு, தனக்குத் தெரிந்த கணக்கை, தன்னைவிடக் குறைவாகத் தெரிந்த ஒருவனிடம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எனக்குக் கோபம் கோபமாக வரும். இப்போது அந்தக் கோபம் அவள்மேல் இல்லை. இருபது வயதில், அழகாக இருக்க வேண்டும் என்று எல்லாருக்கும்தான் ஆசை, அழகு என்றால் இதுதான் என்று அவளுக்குக் காட்டிய ஆட்கள் வேறு.

தெளிவாகப் பேசுகிற பெண்ணுக்கு என்ன கிடைத்தது என்பதையும் நாங்கள் பார்த்துத்தானே வளர்ந்தோம். 'படையப்பா' 1999-இல் வந்தபோது எனக்குப் பதினோரு வயது. நீலாம்பரி வெளிநாட்டில் படித்தவள், எனக்கு இவன்தான் வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்கிறவள். அவள் செய்த கொடுமைகள் எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் கதை அவளை வெறுக்க ஆரம்பிப்பது அந்தக் கொடுமைகளுக்கு முன்னாலேயே, அவள் சத்தமாக ஆசைப்படும்போதே. எதிரில் குனிந்த தலை நிமிராத வசுந்தரா. இருவரில் யாருக்கு வாழ்க்கை, யாருக்குப் பதினெட்டு வருடம் பூட்டிய அறை என்று எல்லாருக்கும் தெரியும். இதில் ஒன்று, கல்லூரியில் மத்தியான இடைவேளையில் நீலாம்பரி மாதிரி கால்மேல் கால் போட்டு, துப்பட்டாவைச் சுண்டிவிட்டு உட்கார்ந்து காட்டாத பெண் எங்கள் வகுப்பில் கிடையாது. வசுந்தராவை ஒருத்திகூட நடித்துக் காட்டியதில்லை. அந்தப் படத்தின் இரண்டாம் பாதியில் நாயகனுடைய மகள், கல்லூரிக்குப் போகிற பெண், ஒருத்தி வருவாள். அவளுடைய அப்பாவைப் பழிவாங்க, அவளைக் காதலிப்பதுபோல் நடிக்கச் சொல்லி ஒருவனை அனுப்புவார்கள். இரண்டு வீட்டுச் சண்டையில் அவள் ஒரு கருவி. அவள் என்ன நினைத்தாள் என்று எத்தனை தடவை பார்த்தும் எனக்கு ஞாபகம் நிற்கவில்லை.

நான் இப்போது ஒரு பெண்கள் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். படங்களில் கல்லூரி நூலகம் என்றால் புத்தகத்துக்குள் கடிதம் வைக்கிற இடம், அல்லது இரண்டு அலமாரிக்கு நடுவில் நாயகி நாயகனை முதல்முதலாகப் பார்க்கிற இடம். என் நூலகத்தில் மூன்றரை மணிக்கு என்ன நடக்கிறது என்றால், ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்துக்கு வருமானச் சான்றிதழ் எந்த அளவில் ஏற்ற வேண்டும் என்று நான்கு பேர் கம்ப்யூட்டரைச் சுற்றி நிற்பார்கள். குரூப் 4 புத்தகத்தை மூன்று பேர் பங்கு போட்டுப் படிப்பார்கள். ஒருத்தி மேஜையில் கவிழ்ந்து படுத்திருப்பாள், அவளுக்கு மாதவிடாய் வலி, பக்கத்தில் இருப்பவள் அவள் ரெக்கார்டு நோட்டையும் சேர்த்து எழுதிக்கொண்டிருப்பாள். காதலும் உண்டு, ஏன் இல்லாமல், போனைப் பார்த்துத் தனியாகச் சிரிக்கிறவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். ஆனால் அதோடு இன்னும் ஆயிரம் வேலை இருக்கிறது அவர்களுக்கு. ஒரு நாளைக்கு இவ்வளவு வேலை செய்கிற ஒரு பெண்ணை நான் திரையில் பார்த்தது ரொம்பக் குறைவு.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பெண் தினமும் ஆறு மணிக்கு நான் பூட்டும் வரைக்கும் போகாமல் உட்கார்ந்திருப்பாள். படிக்கிறாள் என்று நினைத்தேன். கேட்டை ஒட்டி ஒருவன் நிற்கிறான், அவன் போனதும் போவதற்காகக் காத்திருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. முடியாது என்று அவனிடம் மூன்று தடவை சொல்லிவிட்டாளாம். என்னைப் பதற வைத்தது அவளுடைய தோழிகள் சொன்னது. "பாவம்க்கா அவன், நாலு மாசமா வெயில்ல நிக்கிறான்." பாவம் என்கிற சொல் அவன் பக்கம் எப்படிப் போனது? நான்கு மாதமாக இருட்டும்வரை வீட்டுக்குப் போகமுடியாமல் உள்ளே உட்கார்ந்திருப்பவள் இவள். ஆனால் வெயிலில் நிற்கிறவனைத்தான் நாம் நாற்பது வருடமாக நாயகன் என்று பார்த்துப் பழகியிருக்கிறோம், அவனுக்குப் பின்னணியில் வயலின் வாசிப்பார்கள், அவள் முடியாது என்று சொல்வது இடைவேளை வரைக்கும்தான் செல்லும்.

அந்தப் பிள்ளைகளை உட்காரவைத்து, இதற்குச் சட்டம் இருக்கிறது என்று சொன்னேன். தமிழ்நாட்டில் 1998-லேயே பெண்களைச் சீண்டுவதற்கு எதிராகத் தனிச் சட்டம் வந்தது, சென்னையில் ஒரு கல்லூரி மாணவி அப்படிப்பட்ட சீண்டலில் இறந்துபோன பிறகு. பின்தொடர்வது தனிக் குற்றம் என்று 2013-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354டி பிரிவைச் சேர்த்தார்கள், இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 78-ஆவது பிரிவு, முதல் முறைக்கே மூன்று வருடம் வரை சிறை. பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். "பின்னாடி வர்றதுக்கேவாக்கா?" என்றாள் ஒருத்தி. ஆமாம், பின்னால் வருவதற்கேதான். 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் காலை நேரத்தில், அத்தனை பேருக்கு நடுவில், வேலைக்குப் போக நின்ற ஒரு இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்ட பிறகு, சினிமாவில் வரும் இந்தத் துரத்தல் காதலைப் பற்றித் தமிழ்நாடே பேசியது. அந்தப் பேச்சு அடங்குவதற்குள், அக்டோபரில், கல்யாணம் நிச்சயமான ஒரு டாக்டர் பெண்ணை நர்ஸ் வேடம் போட்டு ஏமாற்றிப் பின்தொடர்கிற 'ரெமோ' வந்து ஓடு ஓடென்று ஓடியது. ஒரு படம் கொலை செய்ய வைக்கும் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தோழிகளின் வாயில் 'பாவம்' என்ற சொல்லை வைத்தது எது என்று மட்டும் கேட்கிறேன்.

இன்னொன்றும் ரொம்ப நாளாக உறுத்துகிறது. விடலைப் பையன் என்று சொல்கிறோம், விடலைப் பெண் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. பெண்ணென்றால் 'வயசுப் பொண்ணு', அதற்குக் கல்யாண வயசு என்று அர்த்தம். பழைய இலக்கணத்தில்கூடப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை என்று ஏழு பருவம் பிரித்தார்கள். சினிமாவுக்கு இரண்டு போதும். பாவாடைச் சட்டையில் ஒரு சின்னப் பெண் ஓடுவாள், சடங்குப் பாட்டு ஒன்று வரும், பாட்டு முடியும்போது தாவணியில் நாயகி நிற்பாள். பதிமூன்றிலிருந்து பத்தொன்பது வரைக்கும் அந்த நான்கு நிமிடத்தில் போய்விட்டது. திரைக்கு வெளியிலும் அப்படித்தான் நடந்திருக்கிறது. 'மூன்று முடிச்சு' 1976-இல் வந்தபோது ஸ்ரீதேவிக்குப் பதிமூன்று வயது, மறு வருடம் '16 வயதினிலே' வந்தபோது பதினான்கு. மீனா 1984-இல் 'அன்புள்ள ரஜினிகாந்த்' படத்தில் குழந்தை, 1993-இல் 'எஜமான்' படத்தில் அதே ரஜினிக்கு மனைவி, அப்போது அவருக்கு வயது பதினாறு. அவர்கள் நன்றாக நடித்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, டீச்சராக வேண்டும் என்று ஆசைப்பட்ட மயிலை என்னால் மறக்க முடியாது. ஆனால் பள்ளிக்கூடத்தில் படிக்கிற வயது அது. என் நூலகத்துக்கு வருகிறவர்களைவிடச் சின்னப் பிள்ளைகள்.

நல்லது வராமல் இல்லை. 2010-இல் 'அங்காடித் தெரு' பார்த்தபோது கனியைக் கண்டு எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், ரங்கநாதன் தெருக் கடையில் காலை முதல் ராத்திரி வரை நின்றே வேலை பார்க்கிற எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் மாதிரி அவள் சுருக்கென்று பேசுவாள், கணக்குப் போடுவாள், கோபப்படுவாள், கால் வலிக்கும் அவளுக்கு. 'இறுதிச்சுற்று' மதி இன்னொருத்தி. அப்புறம் 2025-இல் 'பேட் கேர்ள்'. ஜனவரியில் டீசர் வந்தபோதே, படத்தைப் பார்க்காமலேயே, ஒரு பள்ளி மாணவி தனக்கு ஒரு பாய்ஃபிரண்ட் வேண்டும் என்று நினைப்பதா என்று கொதித்தார்கள். எந்தச் சாதி வீட்டுப் பெண்ணாகக் காட்டினார்கள் என்பதில் தனியாக ஒரு சண்டை. செப்டம்பரில் படம் வந்ததும் போய்ப் பார்த்தேன். எனக்கு எல்லாமே பிடித்தது என்று சொல்லமாட்டேன், பின்பாதியில் ஒட்டவில்லை. ஆனால் பள்ளிக்கூடப் பகுதி முழுக்க, அந்தப் பெண்ணின் தலைக்குள்ளே ஓடுவதை யாரும் அழகுபடுத்தாமல் விட்டிருந்தார்கள். வர்ஷா பரத் என்கிற பெண் எடுத்த முதல் படம் அது. இத்தனை வருடம் பையன்கள் பள்ளிக்கூடத்திலிருந்தே காதலித்துத் திரிகிற படங்களை நாம் குடும்பத்தோடு பார்த்தோம், யாரும் கொதிக்கவில்லை.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சாயங்காலம் கிளம்புவதற்கு முன்னால் தங்கச்சி அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். "ஏட்டி, அந்த சீன் வந்தா எப்பவும் மாத்திருவியா?" என்று கேட்டேன். இந்தப் பதினெட்டு வருடத்தில் நாங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. "எப்பவும்தான்" என்றாள். "ஸ்கூல்ல எவனாவது சொல்லத்தான் போறான். நம்ம வீட்டு டிவியில பார்த்து அவளே சிரிக்க வேண்டாம்." மகளும் எங்கள் நிறம்தான்.

டீயை ஆற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "அக்கா, பிளஸ் டூவுல எனக்கு ஸ்பெஷல் கிளாஸ்னு ஒண்ணு கிடையாதுக்கா" என்றாள்.

ஏழு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் இறங்குவாளாம். வாட்ச்மேன் தாத்தா கேட்டைத் திறந்துவிடுவாராம். தண்ணீர்த் தொட்டிப் பக்கத்துத் திண்ணையில், மழை பெய்தால் சைக்கிள் ஷெட்டில், ஒன்பது மணி வரைக்கும் தனியாக உட்கார்ந்திருப்பாளாம். ஜூலையிலிருந்து மார்ச் பரீட்சை வரைக்கும். நான் எட்டு மணி பஸ் ஸ்டாப்பில் அவள் கூட இல்லை என்று நிம்மதியாக நின்ற அத்தனை நாளும்.

அம்மா அந்த ஒன்பது மாதமும் நாலரை மணிக்கு எழுந்து, அவளுக்கு இட்லி அவித்து, மத்தியானச் சாப்பாடும் கட்டிக் கொடுத்து அனுப்பினாள். பிள்ளை ராப்பகலாகப் படிக்கிறாள் என்று தெருவில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு இருந்தாள். இதை எழுதட்டுமா என்று தங்கச்சியிடம் போனில் கேட்டேன். எழுது, அம்மாகிட்ட மட்டும் சொல்லிராத என்றாள்.